கேம்பர் வேனில் நிம்மதியாகத் தூங்க: படுக்கைப் பகுதியை மாற்றி அமைக்கும் முழு வழிகாட்டி

பயணத்தில் உள்ளேயே தங்கித் தூங்கும்படி மாற்றி அமைத்த வேனைத்தான் கேம்பர் வேன் என்கிறோம். அப்படி என் வேனுக்குள் நான் முதலில் போட்ட கட்டில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 15 செ.மீ. கனத்தில் ஃபோம் மெத்தை. ஆறு வாரம் கழித்து, கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஸ்பேனரை எடுப்பதற்காக மெத்தையை நிமிர்த்தினேன். அடிப்பக்க உறை முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். இரண்டு பேர் படுத்த வடிவம் அதில் அப்படியே தெரிந்தது: தோள் படும் இடத்தில் அடர்த்தியாக, கால் பக்கம் போகப் போக மங்கலாக. பூஞ்சை. மெத்தையும் போயிற்று, பிளைவுட்டும் ஊறிப் போயிற்று.

அதன்பின் அந்தக் கட்டிலை இரண்டு முறை பிரித்துக் கட்டினேன். வேன் படுக்கையில் மெத்தை கடைசியாக வரவேண்டிய பொருள் என்பது அப்போதுதான் உறைத்தது. அளவு, மட்டம், காற்றோட்டம் மூன்றும் சரியாக அமைந்துவிட்டால் சாதாரண ஃபோமிலேயே அடித்துப் போட்டது போலத் தூங்கலாம். அவை சரியில்லை என்றால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. ஆனால் எல்லோரும் மெத்தை வாங்குவதில்தான் தொடங்குகிறோம்.

முதல் வேலை: தூக்கத்தைக் கெடுப்பது எது?

வேனில் ஏற்கெனவே ஒரு படுக்கை இருந்தால் உடனே பிரித்துவிடாதீர்கள். தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வைத்துக்கொண்டு மூன்று இரவு படுங்கள். விழிப்பு வரும்போதெல்லாம் ஒரே ஒரு சொல் எழுதினால் போதும். தோள். குளிர். வெளிச்சம். வியர்வை. சரிவு. சத்தம். கால் இடித்தது. பக்கத்தில் இருப்பவர் என்னைத் தாண்டிப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் அந்தப் பட்டியலே வேலை வரிசையைச் சொல்லிவிடும். தோளும் இடுப்பும் வலித்தால் கோளாறு ஃபோமில். மேலே போர்வை கதகதப்பாக இருந்தும் முதுகுக்கு அடியில் சில்லென்று இருந்தால் கட்டிலின் அடிப்பாகத்தைப் பாருங்கள். காலையில் தலை பாரமாக, கண்ணாடியெல்லாம் வியர்த்துக் கிடந்தால் காற்றோட்டம் போதவில்லை. இரவெல்லாம் ஒருவர் மேல் ஒருவர் உருண்டுகொண்டே இருந்தால் படுக்கையில் தவறே இல்லாமலும் இருக்கலாம், வண்டியை நிறுத்திய விதம் காரணமாக இருக்கலாம். எங்கள் நோட்டில் அதிகம் வந்த சொல் 'கால்'. படுக்கை 4 செ.மீ. குட்டை என்பதை அதுவரை நாங்கள் ஒத்துக்கொண்டதே இல்லை.

அளவு: வண்டியையும் அளக்கவேண்டும், உங்களையும் அளக்கவேண்டும்

முதலில் உங்கள் உயரம். மல்லாந்து படுக்கும்போது பாதம் முன்னால் சாயும், தலையணை உடலைக் கொஞ்சம் கீழே தள்ளும். அதனால் வெறுங்கால் உயரத்தோடு 10 முதல் 15 செ.மீ. கூட்டுங்கள். 175 செ.மீ. உயரமானவருக்கு 185 முதல் 190 செ.மீ. நீளம் தேவை. அகலம் ஒருவருக்கு 70 செ.மீ. இருந்தால் சமாளிக்கலாம், இருவருக்கு 120 செ.மீ. குறைந்தபட்சம். 135-140 கிடைத்தால் இருவரும் தாராளமாகப் புரண்டு படுக்கலாம்.

அடுத்து வண்டி. ஃபியட் டுகாட்டோ போன்ற பெரிய வேனில் உள் அகலம் அதிகபட்சம் 187 செ.மீ., சக்கரங்களுக்கு மேலே புடைத்து நிற்கும் வீல் ஆர்ச்சுகளுக்கு இடையே 142 செ.மீ. தான். ஃபோக்ஸ்வாகன் டிரான்ஸ்போர்ட்டர் டி5, டி6 வண்டிகளில் அந்த இடைவெளி 124 செ.மீ. இவை வெறும் தகரத்துக்கு உள்ள அளவுகள். சூடும் குளிரும் கடக்காமல் தடுக்கும் இன்சுலேஷனும் உள் பலகையும் போட்ட பிறகு பக்கத்துக்கு 3 செ.மீ. போய்விடும். 187 என்பது 181 ஆகிவிடும். போதாததற்கு, வேனின் சுவர் நேராக ஏறுவதில்லை. நடு உயரத்தில் அகலமாக இருந்து கூரையை நோக்கிச் சாயும். ஆகவே கட்டிலை எந்த உயரத்தில் வைக்கப்போகிறீர்களோ அதே உயரத்தில், ஒரே இடத்தில் நிறுத்தாமல் நான்கைந்து இடங்களில் டேப்பைப் பிடித்து அளங்கள். கிடைத்தவற்றில் சிறியதுதான் உங்கள் அளவு.

குறுக்கே படுப்பதா, நெடுக்கே படுப்பதா என்ற கேள்விக்கு இங்கேதான் விடை கிடைக்கும். குறுக்கே போட்டால் வண்டியின் நீளத்தில் அரை மீட்டருக்கு மேல் மிச்சமாகும். அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் 170 செ.மீ.க்கு மேல் உயரமானவர் 181 செ.மீ. படுக்கையில் தலையும் காலும் சுவரில் உரசப் படுப்பார். சுவர் ஈரம் தலையணைக்கு வரும். சுவர்ப்பக்கம் படுப்பவர் இரவில் எழுந்தால் மற்றவர் மேல் ஏறித்தான் இறங்கவேண்டும். பக்கச் சுவரை வெட்டி வெளியே புடைத்த கூடு பொருத்தினால் நீளம் கூடும்தான். ஆனால் வண்டியின் கூட்டையே வெட்டும் அந்த வேலையைத் தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. என்னைக் கேட்டால், இருவரில் ஒருவர் 175-க்கு மேல் இருந்தால் யோசிக்காமல் நெடுக்கே போடுங்கள். சமையல் மேடை குட்டையானால் பழகிக்கொள்ளலாம். மடக்கிய காலுக்குப் பழக்கம் வரவே வராது.

உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறோம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இருக்கையிலிருந்து உச்சந்தலை வரை அளந்து 5 செ.மீ. கூட்டுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 95 செ.மீ. அளவில் வரும். நடுத்தர உயரக் கூரை உள்ள டுகாட்டோவின் உள் உயரம் 193 செ.மீ. தரைக்கும் கூரைக்கும் சேர்த்து 10 கழித்தால் 183. கட்டில் 75 செ.மீ. உயரத்தில், மெத்தை 12 செ.மீ. கனத்தில் என்றால் மேலே 96 மிஞ்சும், நிமிர்ந்து உட்காரலாம். சைக்கிள் வைக்க இடம் வேண்டும் என்று கட்டிலை 90-க்குத் தூக்கினால் மேலே 81 தான். மழை நாளில் படுக்கையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கும் ஆசையை மறந்துவிடவேண்டியதுதான்.

மரத்தை வாங்கும் முன் அட்டைப்பெட்டிகளை வெட்டி, டேப் ஒட்டி, கட்டிலின் முழு வடிவத்தை வேனுக்குள் நிறுத்திப் பாருங்கள். ஏறுங்கள், இறங்குங்கள், இருட்டில் எழுந்து கதவைத் திறந்து பாருங்கள். அரை நாள் வேலை. அட்டையை எத்தனை முறை வேண்டுமானாலும் வெட்டலாம்.

நிலைக் கட்டிலா, மடக்குக் கட்டிலா?

சுருக்கமாகச் சொல்கிறேன். வருடத்தில் பத்துப் பதினைந்து இரவுகள்தான் என்றால் இருக்கையாக மாறும் மடக்குக் கட்டில் போதும். இரண்டு சீப்புகளைக் கோத்தது போல ரீப்பர்கள், அதாவது ஒடுக்கமான மரப் பட்டைகள், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து இழுபடும் அமைப்பு எளிமையானது, கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் தங்குபவர்கள் நிலைக் கட்டிலையே போடுங்கள். களைத்து வந்த இரவில் மேசையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை அடுக்கி, விரிப்பு விரித்துப் படுப்பது முதல் வாரம் வேடிக்கையாக இருக்கும். இரண்டாம் வாரம் சண்டை வரும்.

சட்டகம்

40×40 மி.மீ. அலுமினியப் புரொஃபைல், இரும்பு ஆங்கிள், 45×45 மி.மீ. மரச்சட்டம் மூன்றில் எதுவும் சரிதான். அலுமினியத்தில் பின்னால் அளவை மாற்றுவது சுலபம். மரத்தில் எடை குறைவு, வீட்டிலேயே வெட்டலாம்.

வண்டியோடு பிணைக்கும் விதம்தான் முக்கியம். வேன் ஓடும்போது உள்ளே எல்லாம் ஒரு திசையில் பாயத் துடிக்கும். திடீர் பிரேக்கில், இறுக்காத கட்டில் முன் இருக்கையை நோக்கி வரும். சரக்கு கட்டுவதற்காகத் தரையில் தொழிற்சாலையிலேயே பொருத்திய வளையங்களின் துளைகள் இருந்தால் முதலில் அவற்றைப் பயன்படுத்துங்கள். போதாவிட்டால் சுவரின் உள் விலா எலும்பு போன்ற மடிப்புத் தகரத்தில் ரிவெட் நட்டு (மெல்லிய தகரத் துளையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும் நட்டு) அடித்து எம்8, அதாவது 8 மி.மீ., போல்ட் போடலாம். வெளித் தகரத்தில் கை வைக்காதீர்கள். தரையில் துளை போடுவதற்கு முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். டீசல் டேங்க், பிரேக் பைப், வயர்க் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. சீட் பெல்ட் பிடிப்புகள், ஏர்பேக் இருக்கும் தூண்கள் பக்கமே போகவேண்டாம்.

துளை போட்டதும் இரண்டு சின்ன வேலை உண்டு, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். விளிம்பில் துரு தடுக்கும் பெயின்ட் தடவுங்கள். விழுந்த இரும்புத் தூளை வாக்குவம் வைத்து ஒன்று விடாமல் உறிஞ்சுங்கள். ஒரு சிட்டிகை தூள் தரையின் மடிப்பில் தங்கிவிட்டால், முதல் ஈரத்திலேயே அங்கே செம்புள்ளி வரும்.

நட்டு எல்லாம் உள்ளே நைலான் வளையம் உள்ள வகையாக இருக்கட்டும், சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும். மரமும் தகரமும் தொடும் இடங்களில் ஃபெல்ட் பட்டை ஒட்டுங்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு செ.மீ. விடுங்கள். கிரீச் சத்தம் வராது, காற்றும் மேலேறும்.

ரீப்பர் போடுவதா, பிளைவுட் போடுவதா?

கட்டிலின் மேற்பரப்புக்கு நான் இனி முழுப் பிளைவுட் போடமாட்டேன். எடைக் கணக்கையே முதலில் பாருங்கள். 190×140 செ.மீ. கட்டிலுக்கு 18 மி.மீ. பிர்ச் பிளைவுட் 32 கிலோவைத் தாண்டும். அதே கட்டிலுக்கு 6 செ.மீ. அகலம், 18 மி.மீ. கனமுள்ள பைன் ரீப்பர்கள் 17, இடைவெளி 5 செ.மீ. வைத்தால் ஏறத்தாழ 13 கிலோ. 140 செ.மீ. நீள ரீப்பர் நடுவில் தொய்யும் என்பதால் மத்தியில் ஒரு தாங்குசட்டம் கட்டாயம். இடைவெளி 7 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, போனால் ஃபோம் அதற்குள் பிதுங்கும். வளைந்த பீச் மரப் பட்டைகள் கிடைத்தால், வளைவு மேலே பார்க்கப் போடுங்கள். அவற்றுக்குக் கொஞ்சம் ஸ்பிரிங் குணம் உண்டு.

பிளைவுட்டிலேயே துளை போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நானும் போட்டேன். 35 மி.மீ. வட்ட வெட்டியால் 108 துளை, ஒரு முழு நாள், முழங்கையில் வலி. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அத்தனை துளையும் சேர்ந்து திறந்துவிட்ட பரப்பு மொத்தப் பலகையில் 4 சதவீதம். மேலே சொன்ன ரீப்பர் கணக்கில் அது 45 சதவீதம். துளை போட்ட பலகைக்கும் மேலே காற்று விடும் பாய் வாங்கத்தான் வேண்டியிருந்தது.

ஈரம்: இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்

தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீராவி விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம் என்றால் 640 கிராம். ஒரு கட்டிலும் அலமாரியும் போக வேனுக்குள் 12 கன மீட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி அதிகபட்சம் 17 கிராம் சொச்சம். 12 கன மீட்டருக்கு 200 கிராமுக்குச் சற்று மேல். காற்று எலும்பாகக் காய்ந்திருந்தாலும், நீங்கள் விடும் நீரில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அது வாங்கிக்கொள்ளும். மிச்சம் எங்கே போகும்? எது குளிர்ந்திருக்கிறதோ அங்கே. கண்ணாடி, தகரம், மெத்தையின் அடிப்பக்கம்.

20 டிகிரியில் ஈரப்பதம் 60 சதவீதமாக உள்ள காற்று 12 டிகிரியைத் தொட்டாலே நீராகும். அடியில் இன்சுலேஷன் இல்லாத சாமான் அறை, அதன்மேல் காற்று நுழையாத பலகை, அதன்மேல் உடல் சூட்டில் ஆவியாகும் வியர்வை. நடுராத்திரியில் அந்தப் பலகை 12-க்குக் கீழே போகாமல் என்ன செய்யும்? என் மெத்தையில் தெரிந்த அந்த வடிவம் வேறு எப்படியும் வந்திருக்க முடியாது.

பரிகாரம் மூன்று. முதலாவது, மெத்தைக்கு அடியில் காற்று ஓடவேண்டும். ரீப்பருக்கு மேல் ஒன்று முதல் இரண்டு செ.மீ. கனமுள்ள, நைலான் நார்ச் சுருள் போன்ற வலைப்பாய் விரியுங்கள். பிளாஸ்டிக் நட்சத்திரங்கள் போல ஒன்றோடொன்று கோத்துப் போடும் ஃப்ரோலி வகை ஸ்பிரிங்குகளும் உண்டு. அவை காற்றும் விடும், தோளுக்கு மெத்தென்றும் இருக்கும். உயரம் 3 செ.மீ. அளவுக்குக் கூடும் என்பதைத் தலைக்கு மேல் இடக் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, வேனுக்குள் ஒரு வழியாகக் காற்று வந்து மறு வழியாகப் போகவேண்டும். ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் பெரிதாக எதுவும் நடக்காது. கூரையில் விசிறி, தாழ்வான இடத்தில் ஒரு சின்னத் திறப்பு என்று வைத்துக்கொண்டால் சூடான ஈரக் காற்று தானாக மேலேறி வெளியேறும். விசிறியை மிகக் குறைந்த வேகத்தில், வெளியே தள்ளும் திசையில் ஓடவிடுங்கள். அந்தச் சத்தம் காதில் விழாது. குளிர்காலத்தில் எல்லாவற்றையும் அடைத்துப் படுப்பதுதான் ஈரத்தை வரவேற்கும் வழி. விரல் நுழையும் அளவுக்காவது திறந்து வையுங்கள்.

மூன்றாவது, ஈரத்தை நீங்களே கூட்டாதீர்கள். நனைந்த ஷூவையும் துண்டையும் கட்டிலுக்கு அடியில் திணிப்பது எங்கள் பழைய வழக்கம். எரிவாயு அடுப்பை ஏற்றி வைத்துக் குளிர்காய்வது அதைவிட மோசம். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகும். நீரைவிடப் பெரிய ஆபத்தும் அதில் இருக்கிறது, கீழே வருகிறேன்.

சுவரும் கூரையும்

இரும்பு சூட்டைக் கடத்தும் வேகம், இன்சுலேஷன் ரப்பர் ஃபோமைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். அதனால் தலைமாட்டில் ஒரு விலா எலும்பு மூடாமல் விட்டாலும் அது குளிரை உள்ளே கொண்டுவரும். மூடிய கண்ணறை கொண்ட கறுப்பு ரப்பர் ஃபோமை, 19 மி.மீ. கனத்தில், இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். விலாக்களுக்கு மேல் மெல்லிய 6 மி.மீ. தாளாவது ஒட்டுங்கள். தகரத்தை ஸ்பிரிட்டில் துடைத்த பிறகு, வெப்பநிலை 10 டிகிரிக்கு மேல் உள்ள நாளில் ஒட்டினால்தான் பசை பிடிக்கும். கதவுக்கு அடியிலும் தரை ஓரத்திலும் உள்ள சின்ன வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடாதீர்கள், மழை நீர் வெளியேறும் வழி அவை.

கூரையில் விழும் மழைச் சத்தத்துக்கு, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பரால் ஆன ஒலித் தடுப்புத் தாள் நல்ல மருந்து. முழுவதும் ஒட்டத் தேவையில்லை, தகரத்தின் நடுப்பகுதியில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு பரப்புக்கு ஒட்டினாலே டமடம என்ற ஓசை டொக் டொக் என்று அடங்கிவிடும்.

இப்போது மெத்தை

ஃபோமில் இரண்டு எண்கள் உண்டு, கடையில் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள். அடர்த்தி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது, ஃபோம் எத்தனை வருடம் தளராமல் இருக்கும் என்பதை அது சொல்கிறது. கடினம் என்பது எவ்வளவு அழுத்தினால் அமுங்கும் என்பது. அடர்த்தி கூடினால் கடினமாகத்தான் இருக்கும் என்று இல்லை. வேனுக்கு அடர்த்தி 35 அல்லது அதற்கு மேல் உள்ள உயர்தர ஃபோம் வாங்குங்கள். கடினத்தை உங்கள் உடலைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மல்லாந்தே தூங்குபவருக்கு 10 செ.மீ. கெட்டி ஃபோம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்கு எடை முழுக்கத் தோளிலும் இடுப்பிலும் இறங்கும். அவருக்கு 8 செ.மீ. கெட்டி ஃபோம், மேலே 4 அல்லது 5 செ.மீ. மென்மையான அடுக்கு என்று இரண்டாகப் போடுங்கள். மெமரி ஃபோமைப் பற்றி ஒரு எச்சரிக்கை: குளிரில் அது பலகை போல இறுகிவிடும். நீங்கள் படுத்துச் சூடேற்றிய பிறகுதான் இளகும், அதற்குள் தூக்கம் போய்விடும். குளிர் இடங்களுக்குப் போகிறவர்கள் மேல் அடுக்குக்கு லேடெக்ஸ் என்ற ரப்பர் ஃபோமைப் பாருங்கள். அது கனமானது, இந்த அளவுக்கு 10 கிலோ வரை வரும், ஆனால் எந்த வெப்பநிலையிலும் ஒரே மாதிரி இருக்கும்.

வாங்கும் முன் சோதனை: பத்து நிமிடம் ஒருக்களித்துப் படுங்கள். இன்னொருவர் உங்கள் இடுப்புக்கு நேர் கீழே, மெத்தைக்கு அடியில் கையை நுழைக்கட்டும். கையை எலும்பு அழுத்துவது போல இருந்தால் ஃபோம் அடி தட்டுகிறது. அதை விட்டுவிடுங்கள்.

வெட்டும் வேலைக்குப் பழைய செய்தித்தாள்களை ஒட்டி, கட்டில் மேல் விரித்து, சுவரின் வளைவோடு அளவுத்தாள் வெட்டிக்கொள்ளுங்கள். அதை ஃபோமில் வைத்து மார்க்கரால் வரைந்து, மின்சார ரொட்டிக் கத்தியால் வெட்டினால் நேராக வரும். கத்தியை அழுத்தாமல், அதன் போக்கில் விடவேண்டும். மூலைகளில் சாய்ந்தால் கீழ்ப்பக்கம் கோணிவிடும், இரண்டு பக்கமும் கோடு போட்டுக்கொண்டால் தெரிந்துவிடும். உறையைவிட ஃபோம் எல்லாப் பக்கமும் அரை செ.மீ. பெரிதாக இருந்தால் உறை சுருங்காமல் நிறைந்து நிற்கும்.

மெத்தையை ஒரே துண்டாகப் போடாதீர்கள், தூக்கிக் காயவைக்கவே முடியாது. இரண்டாக வெட்டும்போது இணைப்பு எங்கே வருகிறது என்பதை யோசியுங்கள். நெடுக்கே படுப்பவர்களுக்கு அது முட்டிக்குக் கீழே வரட்டும். குறுக்கே படுப்பவர்களுக்கு இருவருக்கும் நடுவே. இடுப்புக்கு அடியில் இணைப்பு வந்தால் ஒரு மாதத்தில் பள்ளம் விழுந்துவிடும். உறையில் ஜிப் மூன்று பக்கமும் ஓடவேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜிப் வைத்த உறைக்குள் துவைத்த பிறகு ஃபோமை மறுபடி நுழைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

வெளிச்சம்

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2700 கெல்வின் மஞ்சள் எல்.இ.டி., ஆளுக்கொரு படிப்பு விளக்கு, படுத்தபடியே எட்டும் சுவிட்ச். 12 வோல்ட் வயர் ஒவ்வொன்றுக்கும் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ். முன் கண்ணாடிக்கும் ஜன்னல்களுக்கும் இன்சுலேஷன் வைத்துத் தைத்த மறைப்புகள், ஓரத்தில் காந்தம். தெருவிளக்கு நுழைவது ஓரத்தில் உள்ள ஒரு செ.மீ. இடைவெளி வழியாகத்தான், ஆகவே மறைப்பைக் கண்ணாடியைவிடப் பெரிதாகத் தையுங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டவை

உள்ளே எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். அதற்கு வாசனை இல்லை, தூங்குபவரை அது எழுப்பாது. பொழுதுபோக்கு வாகனங்களுக்கான ஈ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தரம் குறிப்பிட்ட எச்சரிக்கைக் கருவியை, படுக்கையில் தலை இருக்கும் உயரத்தை ஒட்டி, தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியோடு பொருத்துங்கள். டீசல் ஹீட்டர் வைத்தால் புகைக்குழாய் வண்டிக்கு அடியிலிருந்து ஓரம் வரை நீண்டு வெளியே போகவேண்டும், ஜன்னலுக்கும் கதவுக்கும் கீழே முடியக்கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் இருக்கும் பெட்டிக்குத் தரையில் திறப்பு அவசியம்.

கட்டில் பின்கதவை மறைத்தால் அந்தக் கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்று பாருங்கள். சரக்கு வேன்கள் பலவற்றில் உள்ளே கைப்பிடி கிடையாது, தனியாகப் பொருத்தவேண்டும். படுக்கையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கவேண்டும். வண்டி ஓடும்போது கட்டிலில் யாரும் படுக்கக்கூடாது, குழந்தை தூங்கிவிட்டாலும்கூட.

நிறுத்தும் மட்டம்

ரசமட்டத்தை டாஷ்போர்டில் ஒட்டுகிறார்கள். நீங்கள் டாஷ்போர்டில் தூங்குவதில்லை, கட்டில் சட்டகத்தில் ஒட்டுங்கள். நெடுக்கு ஒன்று, குறுக்கு ஒன்று. நீள டுகாட்டோவின் சக்கர இடைவெளி 403 செ.மீ. 1 டிகிரி சரிவை எடுக்க முன் சக்கரத்தையோ பின் சக்கரத்தையோ 7 செ.மீ. தூக்கவேண்டும். அதே 1 டிகிரி 190 செ.மீ. படுக்கையில் தலைக்கும் காலுக்கும் 3.3 செ.மீ. வித்தியாசம். சக்கரத்தை ஏற்றித் தூக்கும் சறுக்குக் கட்டைகள் கையில் இல்லை என்றால், தலை மேடாக இருக்கும்படி வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். கால் மேடானால் நடுராத்திரி தலைவலியோடு எழுவீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முதல் இரவை வீட்டு வாசலிலேயே வேனில் படுத்துக் கழியுங்கள். காலையில் எழுந்ததும் விரிப்பைச் சரிசெய்வதற்கு முன், மெத்தைக்கு அடியில் உள்ளங்கையைச் செலுத்தித் தடவிப் பாருங்கள். கை காய்ந்து வந்தால் சரி. பிசுபிசுப்பாக வந்தால் அடுத்த இரவு கீழ்த் திறப்பை இன்னும் கொஞ்சம் திறந்து படுத்துப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு ஸ்பேனரோடு எல்லா நட்டையும் சுற்றி வாருங்கள், நாலைந்து நட்டாவது ஒரு கால் சுற்று வாங்கும்.